ஈயின் கண்ணும் பிறப்பு வாதமும்

ஈசூன் அடுக்குமாடி வீடுகளிலே, சமையலறை மேடைமேல் வைத்த வாழைப்பழம் இரண்டு நாளிற் கரும்புள்ளி விழுந்து கனிந்துவிடுமாயின், எங்கிருந்து வந்தன என்று அறியவொண்ணாதபடி எள்ளளவான ஈக்கள் சில அதனைச் சூழ்ந்து வட்டமிடுவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கோ இவ்வீ இன்னும் பழைய அறிமுகம். கள்ளுக்கடைக் குவளையின் விளிம்பில் மனிதன் வாய் வைக்குமுன் வாய் வைப்பது இதுவே. புளித்த வாடை எங்குண்டோ அங்கே இதுவும் உண்டு. ஈசூன் என்னும் பெயர், ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பெருஞ்செல்வம் திரட்டிய லிம் நீ சூன் (1879–1936) என்பாரின் பெயரினின்று வந்தது. அன்னாசி குவிந்து அழுகிய இடத்தில் இச்சிற்றுயிர் இல்லாதிருந்திருக்குமோ? நம்மைக் காட்டிலும் இதுவே அவ்வூரின் பழங்குடி என்று கொள்ளலாம்.

அடிப்பதற்குக் கை ஓங்குமுன் சற்றே உற்று நோக்கினால், அதன் கண்கள் உடலுக்கு ஒவ்வாத அளவிற் பெருத்துச் செக்கச் செவேலென்று விளங்கும். அறிஞர் உலகம் இதற்கு வழங்கும் பெயர் டிரோசோபிலா மெலனோகாஸ்டர். பனித்துளியை விரும்பும் கருவயிற்று ஈ என்பது அதன் பொருள். முற்பாதிப் பெயர் 1823ஆம் ஆண்டிலும், பிற்பாதி 1830ஆம் ஆண்டிலும் இடப்பெற்றன. பெயர் அழகியதுதான், ஆனால் இவ்வீ விரும்புவது பனியை அன்று, புளிப்பையே என்பதைப் பெயரிட்டவர்கள் கேட்டறிந்தாரில்லை.

இதன் கண்ணைக் குறித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவந்த ஆராய்ச்சியின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்பது வெறும் வியப்பின் பொருட்டன்று. ஒருவனை ஆக்குவது பிறப்பா, வளர்ப்பா என்னும் வழக்கு நம்மவரிடையே தொன்றுதொட்டு உள்ளது; நாம் வந்து குடியேறிய இந்நாட்டிலும் அது ஒருமுறை பெரிதாக எழுந்தது. அவ்வழக்கில் அடிக்கடி சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்ட உயிர் இந்தச் செங்கண் ஈதான். அது சொன்ன சாட்சியம் ஒன்று. வழக்குரைத்தவர்கள் அதன் வாயிலிட்ட சொல் மற்றொன்று.

நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் என்னும் பேராசிரியர் 16 அடி அகலமும் 23 அடி நீளமும் உள்ள ஓர் அறையிலே, பாற்புட்டிகளில் வாழைப்பழத்தை இட்டு இவ்வீக்களை வளர்த்துவந்தார். ஈ வளர்ப்பது யாதொரு செலவுமில்லாத வேலை. பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை முற்றும். ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அதன் உயிரணுவில் பரம்பரைக் கூறுகளைத் தாங்கும் குரோமோசோம்கள் நான்கே இணைகள். பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் கண்ட பரம்பரை விதிகளையும், அக்கூறுகள் குரோமோசோமில் உறைகின்றன என்ற கொள்கையையும் மார்கன் அப்போது நம்பினாரல்லர் என்பதை மறக்கலாகாது. நம்பாதவர் கையிலே சான்று வந்து விழுந்ததுதான் இவ்வரலாற்றின் சுவை.

1910ஆம் ஆண்டில் அவருடைய புட்டிகளுள் ஒன்றில், கண் வெளுத்த ஆண் ஈ ஒன்று தோன்றிற்று. அதனைச் செங்கண் பெண் ஈக்களோடு சேர்த்தார். பிறந்தவை 1,240. அவற்றுள் மூன்று நீங்கலாக 1,237ம் செங்கண்ணே. வெண்மை தொலைந்தது என்று எண்ணத் தோன்றும். அச்செங்கண் பிள்ளைகளைத் தம்முள் சேர்த்தபோது பேரர் தலைமுறையில் செங்கண் பெண்கள் 2,459, செங்கண் ஆண்கள் 1,011, வெண்கண் ஆண்கள் 782 பிறந்தன. வெண்கண் பெண் ஒன்றேனும் இல்லை! ஒளிந்திருந்த வெண்மை மீண்டும் வெளிப்பட்டது. வெளிப்பட்டதும் பேரன்மாரிடத்தில் மட்டுமே. பெண் ஈக்கு எக்ஸ் என்னும் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. கண்ணிறத்துக்குரிய கூறு அந்த எக்ஸின் மேல் அமர்ந்து செல்கின்றதென்று கொண்டால் கணக்கு நேராகிறது. பெண்ணிடத்தில் ஒன்று பழுதாயினும் மற்றொன்று காக்கும், ஆணுக்குக் காப்பில்லை. பின்னர் வெண்கண் ஆணை அதன் மகள்களோடு சேர்த்தபோது வெண்கண் பெண்களும் பிறந்தன, கணக்கு உறுதியாயிற்று. காற்றிலே உலவிய ஒரு கருத்துக்கு இவ்வாறு இருக்க இடம் கிடைத்தது. மார்கனுக்கு 1933இல் நோபெல் பரிசும் கிடைத்தது.

இங்கே பெயர் விஷயம் ஒன்று சொல்லவேண்டும். அக்கூறுக்கு, அதாவது மரபணுவுக்கு, அவர்கள் இட்ட பெயர் 'வெள்ளை'. அதன் தொழிலோ, நிறப்பொருளை உயிரணுவுக்குள் கொண்டு சேர்த்துக் கண்ணைச் சிவக்கச் செய்வது. அது கெட்டால் கண் வெளுக்கும். ஆதலால் வெள்ளை என்றார்கள். உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும் என்பதுபோல, இல்லாதபோது விளையும் குறையைக் கொண்டே பெயரிடுவது ஈ ஆராய்ச்சியாளரின் வழக்கமாயிற்று. இதனால் விளைந்த மயக்கம் சிறிதன்று. ஒரு கூறு கெட்டால் கண் வெளுக்கிறது என்பது வேறு. அந்த ஒரு கூறே கண்ணை ஆக்குகிறது என்பது வேறு. கடிகாரத்தின் பல்லொன்று முறிந்தால் கடிகாரம் நிற்கும். அதற்காக அந்தப் பல்லே காலத்தைக் காட்டுகிறது என்பாருண்டோ?

உண்டு. 1910ஆம் ஆண்டிலேயே, நியூயார்க்குக்கு அண்மையில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் என்ற இடத்தில், சார்லஸ் டேவன்போர்ட் என்பவர் மனிதப் பரம்பரைகளைப் பதிந்து ஆராய ஓர் அலுவலகம் நிறுவினார். வறுமை, ஒழுக்கக்கேடு, அறிவுக்குறை ஆகிய யாவற்றையும் குடும்ப மரம் வரைந்து பிறவிக் கூறுகளாக்கினார். 1919இல் கடற்படை அதிகாரிகளைக் குறித்து அவர் எழுதிய நூலில், கடல்மேல் ஆசையும் ஒரு பரம்பரைக் கூறு என்றும், ஆண்களிடத்தே மிகுதியாகக் காணப்படுவதால் அது ஈயின் வெண்கண் போல் எக்ஸின் மேல் செல்வது என்றும் முடிவு கட்டினார்! பெண்களைக் கடற்படை அதிகாரிகளாக எவரும் சேர்த்ததில்லை என்பது அவர் சிந்தைக்கு எட்டவில்லை போலும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர், கடலாசைக் கூறு உந்தி வந்தார்களா, வயிற்றுக் கூறு உந்தி வந்தார்களா என்பதை நேயர்களே தீர்ப்பளிக்கட்டும்.

சிரித்து விட்டுவிடக்கூடிய பிழையாக அது நிற்கவில்லை. 'தகுதியற்றோர்' பிள்ளை பெறாதபடி அறுவை செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்நாட்டில் அவ்வாறு கருவளம் அழிக்கப்பட்டோர் பல பத்தாண்டுகளில் 60,000 பேருக்கு மேலாவர். ஜெர்மனி 1933இல் அதற்கொரு சட்டமே இயற்றிற்று. அதன் முடிவை உலகம் அறியும். ஈயை அறிந்த மார்கனோ, 1915இலேயே அவ்வியக்கத்தின் குழுவினின்று விலகிக்கொண்டார். 1925இல் வெளியிட்ட நூலில், மனிதனுடைய அறிவையும் நடத்தையையும் குறித்து இத்தகைய முடிவுகளுக்கு ஆதாரம் போதாது என்று எச்சரித்தார். அவருடைய மாணவர் முல்லர் முதலானோர் 1939இல் எடின்பரோவில் விடுத்த அறிக்கை, யாவருக்கும் ஏறக்குறைய சமமான வாழ்க்கை வாய்ப்பை அளிக்காமல் மனிதரின் பிறவித் தகுதியை ஒப்பிட்டு அளப்பதற்கு அடிப்படையே இல்லை என்று கூறிற்று. அவ்வறிக்கையினரும் மனித இனத்தைப் பிறப்பினால் மேம்படுத்தும் ஆசையை முற்றும் விட்டவரல்லர். ஆயினும் முதலில் செய்யவேண்டியது எது என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை.

இவ்வழக்கு சிங்கப்பூருக்கு வந்தது 1983ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். தேசிய தினக் கூட்ட உரையில் பிரதமர் லீ குவான் யூ, பட்டம் பெற்ற பெண்கள் மணஞ்செய்யாமலும் குறைவாகப் பிள்ளை பெற்றும் இருப்பதையும், படிப்புக் குறைந்தோர் மிகுதியாகப் பெறுவதையும் எடுத்துக்காட்டிக் கவலைப்பட்டார். இரட்டையர் பற்றிய ஆராய்ச்சியைச் சுட்டி, மனிதனுடைய திறமையில் 80 பங்கு பிறப்பு, 20 பங்கு வளர்ப்பு என்றார். அடுத்த ஆண்டில், மூன்று பிள்ளை பெற்ற பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்குப் பள்ளியிற் சேர முன்னுரிமை அளிக்கும் திட்டம் வந்தது. படிப்பும் வருமானமும் குறைந்த, முப்பது வயதுக்குட்பட்ட தாய்மார் ஓரிரு பிள்ளைகளோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி வழங்கும் திட்டமும் வந்தது. தோட்டத்தில் பால் வெட்டியும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் மகனை முதன்முதலாக உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த வீடுகளில் அந்த எண்பதும் இருபதும் எவ்வாறு ஒலித்திருக்கும்! பட்டதாரிப் பெண்களுள்ளும் பலர் அதனை எதிர்த்தனர். 1984 டிசம்பர்த் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் சரிந்தது. பள்ளி முன்னுரிமைத் திட்டம் 1985இல் கைவிடப்பட்டது.

திட்டம் போயிற்று, எண்பது, இருபது என்னும் பேச்சு போகவில்லை. அதனை நிறுத்துப் பார்க்க வேண்டுமானால், பிறப்புக் கூறு என்பது உடலுறுப்பாக மாறும் வழி யாது என்று கேட்கவேண்டும். மனிதனிடத்தில் இதை எளிதிற் காண இயலாது. ஈயினிடத்தில் இயலும், அதுவும் கண்ணிலே மிகத் தெளிவாக இயலும். ஏனெனில், கண் கெட்டாலும் ஈ புட்டிக்குள் உயிர் வாழ்ந்து பிள்ளை பெறும்.

ஈயின் ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ 750 சிறு கண்ணறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையிலும் ஒளியை உணரும் அணுக்கள் எட்டு. அவற்றின்மேல் வில்லையை ஆக்கும் கூம்பணுக்கள் நான்கு. சுற்றிலும் நிற அணுக்கள். முட்டைக்குள் இருக்கும்போதே சில உயிரணுக்கள் இதற்கென ஒதுக்கப்பட்டு, புழுவின் உடலுக்குள் தட்டுப்போன்ற ஒரு பையாகி, ஆயிரக்கணக்கிற் பெருகி நிற்கும். அதுவரையில் அவையெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். புழுப்பருவத்தின் இறுதியில் அத்தட்டின் பின்விளிம்பில் ஒரு பள்ளம் தோன்றி, முன்னோக்கி மெல்ல நகரும். அது கடந்த இடமெல்லாம் கண்ணறைகள் வரிசை வரிசையாக முளைத்து நிற்கும். நாற்று நடும் பெண்கள் நகர்ந்து செல்லச் செல்ல வயலில் வரிசை எழுவதை நினைத்துக்கொள்க. ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒரு வரிசை. ஒரு வரிசைக்கு அடுத்தது அரையிடம் விலகி நிற்கும். ஆகவே கண் தேனடை போல் அறுகோணமாக அடைகிறது. முளைத்த வரிசை 'முள்ளம்பன்றி' என்று பெயரிட்ட ஒரு பொருளைச் சுரந்து முன்னே அனுப்ப, அதனால் பள்ளம் மேலும் நகர்கிறது.

பள்ளத்தினுள் முதலில் தோன்றுவது எட்டாம் எண்ணுடைய ஒளியணு. எண்கள் நிற்கும் இடத்தைக் கொண்டு இடப்பட்டவை. பிறந்த முறையைக் கொண்டு அல்ல. ஒரு சிறு கூட்டத்திலுள்ள அணுக்கள் யாவும் எட்டாவதாகத் தகுதியுடையனவே. ஒன்று சற்றே முந்தும். முந்தியது தன் அண்டையாரைத் தொட்டு, நீங்கள் ஆகவேண்டா என்று அடக்கிவிடும். பிறகு அதுவே அண்டையாரை இருவர் இருவராக அழைக்கும். இரண்டும் ஐந்தும் முதலில், மூன்றும் நான்கும் அடுத்து, ஒன்றும் ஆறும் அதன் பின்; எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏழு.

இந்த எட்டும் ஒரு தாயணு பிளந்து பிறந்த உடன்பிறப்புகளா, அன்றி இருந்த இடத்தால் ஒன்று சேர்ந்த அயலாரா? ஒரு தாய் மக்களே என்பது முன்னர் வழங்கிய ஒரு கருத்து. ஒழுங்காக அமைந்த எதனையும் கண்டால் குலமுறை கற்பிப்பது மனித இயல்பு போலும். 1976இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் டொனால்ட் ரெடி, தாமஸ் ஹான்சன், சீமோர் பென்சர் ஆகிய மூவர் இதனைச் சோதித்தனர். மார்கன் கண்ட அதே 'வெள்ளை' மரபணுதான் அவர்களுக்குக் கருவி. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, வளரும் கண்ணில் ஏதேனும் ஓர் அணுவை வெள்ளையாக்கிவிட்டால், அதன் வழித்தோன்றல்கள் யாவும் வெள்ளையாகவே இருக்கும். குலம் ஒன்றானால் ஒரு கண்ணறை முழுதும் வெள்ளையாகவோ, முழுதும் சிவப்பாகவோ இருத்தல் வேண்டும். கண்டதோ அவ்வாறன்று. வெள்ளைக்கும் சிவப்புக்கும் எல்லையான இடத்தில் ஒரே அறைக்குள் இரண்டும் கலந்திருந்தன. மூன்றாவது வெள்ளை, நான்காவது சிவப்பு. பக்கத்து அறையில் அதற்கு நேர்மாறு. எந்தத் தாயின் வழி வந்த அணு எந்த இடத்திற்கு வரும் என்பதற்கு விதியே இல்லை. அது என்னவாகும் என்பதைத் தீர்மானிப்பது அதன் முன்னோர் அல்லர். அண்டை நிற்போர் அதனிடம் சொல்லும் சொல்லே.

சாதியைக் கண்டித்து எழுதுவோர்க்கு இது கரும்பாக இனிக்கும். ஆயினும் ஈயின் அணுவைக் காட்டி மனிதருக்குச் சட்டம் வகுத்த டேவன்போர்ட்டின் வழியை நாமும் மறுபக்கத்திலிருந்து பின்பற்றலாகாது. சமத்துவத்துக்கு ஈயின் சாட்சியம் வேண்டியதில்லை. பிறப்பே யாவும் என்று ஈயைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் பக்கம் அது பேசவில்லை என்று காட்டினால் போதும்.

அண்டை சொல்லும் சொல் யாது என்பதும் பின்னர் வெளிப்பட்டது. ஏழாம் அணு புற ஊதா ஒளியைக் காண்பது. அது இல்லாத ஈ இனம் ஒன்றை 1976இல் பென்சரின் ஆய்வுச்சாலையினர் அறிவித்தனர். அதற்கு 'ஏழிலி' என்று பெயர் வழங்கலாம். அவ்வீயில் ஏழாவதாக வேண்டிய அணு சாகவில்லை, கூம்பணுவாகிவிடுகிறது. 1987இல் இரு குழுவினர் அம்மரபணுவைப் பிரித்தெடுத்தனர். பென்சரிடம் பணியாற்றிய உத்பல் பானர்ஜி என்னும் இந்திய அறிஞர் ஒரு குழுவில் முதல்வர். ஏழிலி என்பது ஏழாம் அணுவின் மேற்புறத்தில் உள்ள ஒரு செவி என்று தெரிந்தது. செவி இருந்தால் வாயும் இருக்கவேண்டுமன்றோ? எட்டாம் அணுவின்மேல் அந்த வாயை 1988இல் கண்டு, அதற்கு 'ஏழிலியின் மணமகள்' என்று பெயரிட்டனர். அணுவுக்குள்ளே செய்தியைச் சுமப்பவற்றுள் ஒன்று 'ஏழிலியின் மகன்'. அவ்வஞ்சல் போய்ச் சேரும் இடத்தில் நிற்பது ராஸ் என்னும் புரதம் என்று 1991இல் ஜெரால்ட் ரூபின் குழுவினர் காட்டியபோது சிரிப்பு நின்றது. மனிதருடைய புற்றுநோய்கள் பலவற்றில் கெட்டிருப்பது அந்த ராஸே.

அன்று முதல் ஈயின் கண் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் கருவியாயிற்று. 2002இல் ஈசுவர் ஹரிஹரன் குழுவினர், கண்ணில் மட்டும் மரபணுவைக் கெடுத்து, எது கெட்டால் திசு அளவுமீறி வளர்கிறது என்று தேடிச் 'சால்வடார்' என்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டில் 'ஹிப்போ' வந்தது. உறுப்பு தன் அளவறிந்து வளர்ச்சியை நிறுத்தும் வழி இவற்றாலேதான் விளங்கத் தொடங்கிற்று. பாலூட்டிகளில் அதே வழியை ஆராய்ந்தோருள் சிங்கப்பூர் மூலக்கூறு உயிரணு உயிரியல் கழகத்தின் ஹோங் வான்ஜின் குழுவினரும் உளர். 1985இல் நிறுவப்பட்டு 1987இல் திறக்கப்பெற்ற அக்கழகத்துக்குச் சிட்னி பிரென்னர் வழிகாட்டியாயிருந்தார். வில்லியம் சியா அங்கே ஈயின் நரம்புத் தாயணுக்களை ஆராய்ந்தார். பள்ளி முன்னுரிமைத் திட்டம் கைவிடப்பட்ட அதே ஆண்டில்தான் இக்கழகமும் பிறந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். காரண காரியம் கற்பிக்க வேண்டா.

இனி, 'கண்ணிலி'. 1915இல் மில்ட்ரட் ஹோக் என்ற பெண்மணி நான்காம் குரோமோசோமில் கண்ட கூறு இது. கெட்டால் கண் சிறுக்கும் அல்லது இல்லாமற்போகும். 79 ஆண்டுகள் கழித்து, 1994இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் வால்ட்டர் கெரிங்கின் குழுவினர் அதன் எழுத்துகளைப் படித்தபோது, எலியில் சிறுகண் நோயையும், மனிதரில் கருவிழித் திரை இன்றிப் பிறக்கும் நோயையும் விளைவிக்கும் அதே மரபணு அது என்று கண்டனர். அடுத்த ஆண்டில் அதனை ஈயின் காலிலும் இறக்கையிலும் உணர்கொம்பிலும் தூண்டினர். அங்கெல்லாம் கண் முளைத்தது! எலியின் மரபணுவை இட்டபோதும் முளைத்தது. முளைத்தது எலியின் கண் அன்று, ஈயின் கண்ணே. தோட்டத்தில் பெரட்டுக்கு அடிக்கும் மணி ஒன்றுதான். அதைக் கேட்டுக் கித்தாத் தோட்டத்தார் கத்தியை எடுப்பர். தேயிலைத் தோட்டத்தார் கூடையை எடுப்பர். மணியில் வேலை எழுதப்பட்டிருக்கவில்லை. அம்மணிக்கும் உடலின் சில இடங்களே செவிசாய்த்தன. மற்ற மரபணுக்கள் ஒத்துழைத்த இடத்திலன்றிக் கண் எழவில்லை.

குலமும் அண்டையும் ஒருபுறம் இருக்க, மூன்றாவது ஒன்றும் உண்டு. எண்பதையும் இருபதையும் கூட்டினால் நூறு. மூன்றாவதற்கு அக்கணக்கில் இடமே இல்லை. ஏழாம் அணு தன் செவியால் அழைப்பைக் கேட்டு ஏழாவதான பின்னும், இருவகையுள் ஒருவகையாக வேண்டும். வெளிறிய வகை நூற்றுக்கு முப்பது; மஞ்சள் வகை எழுபது. எந்த அறைக்கு எது என்பதை யார் தீர்மானிக்கிறார்? 2006இல், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் குளோட் டெப்லான் குழுவினர் விடை கண்டனர். 'ஸ்பைன்லெஸ்' என்னும் மரபணு அந்த அணுவில் விழித்தால் மஞ்சள், உறங்கினால் வெளிறல். விழிப்பதும் உறங்குவதும் அணுவுக்கு அணு தற்செயல். காசு சுண்டுவது போன்றது. ஆகவே ஒரே ஈயின் வலக்கண்ணும் இடக்கண்ணும், ஒரே மரபணுக்களோடு, ஒரே புட்டியில், ஒரே வாழைப்பழத்தை உண்டு வளர்ந்தும், புள்ளிக்குப் புள்ளி ஒத்திருப்பதில்லை. மனிதர் விழித்திரையில் சிவப்பையும் பச்சையையும் உணரும் கூம்புகளும் இவ்வாறே தாறுமாறாகக் கலந்து கிடக்கின்றன.